கடல் தாண்டும் யோகம் யாருக்கு?

சென்ற மாதம் ஒரு சிற்றூரில் நமது இயக்கக் கூட்டம் முடிந்து, விளக்குகளை இறக்கிக்கொண்டிருந்த சமயத்தில், விசைத்தறியில் கூலிக்கு வேலை செய்யும் ஒரு தோழர் நம்மிடம் வந்து ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய மகள் பிளஸ் டூ பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கியிருக்கிறாள். ஒரு காலேஜில் பொருளாதாரம் பி.ஏ. வகுப்பில் அவளுக்கு இடமும் கிடைத்திருக்கிறது. அந்தக் காலேஜின் விளம்பரப் புத்தகத்தில், விருப்பமுள்ள மாணவர்கள் மூன்றாம் வருஷத்தில் ஒரு பருவம் அயல்நாட்டுச் சர்வகலாசாலைக்குப் போய்ப் படித்துவிட்டு வரலாம் என்று அச்சிட்டிருக்கிறதாம். மகளுக்கு அதில் ஆசை. தகப்பனாருக்கோ பயம். பயம் வந்தால் நம்மவர்கள் எங்கே போவார்கள்? ஜோசியரிடம் போயிருக்கிறார். ஜோசியர் ஜாதகத்தைப் புரட்டிப் பார்த்து, “பன்னிரண்டாம் இடம் பலமாக இல்லை, இந்தப் பெண்ணுக்குக் கடல் தாண்டும் யோகம் கிடையாது, பரிகாரம் செய்தால் ஒருவேளை பார்க்கலாம்” என்று சொல்லி, பரிகாரத்திற்கு ஒரு தொகையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். “அய்யா, பரிகாரம் செய்துவிடட்டுமா, அல்லது படிப்பையே மாற்றிவிடட்டுமா?” என்று அந்தத் தோழர் கேட்டார்.

அவருக்கு அப்பொழுதே இரண்டொரு வார்த்தையில் பதில் சொன்னோம் என்றாலும், இந்தச் சந்தேகம் அவர் ஒருவருக்கு மாத்திரம் உண்டானதல்ல. பிள்ளைகளை முதன்முதலாகக் காலேஜுக்கு அனுப்புகின்ற எத்தனையோ குடும்பங்களில் இதே பயம் இருந்து வருகின்றது. ஆதலால், ஜோசியர் சொன்னதையும், காலேஜ் புத்தகத்தில் அச்சிட்டிருப்பதையும், அந்த இருவருமே சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கு விசாரிக்க விரும்புகின்றோம்.

முதலில் இந்த யோகத்தைப் பற்றிப் பார்ப்போம்.

இன்று கடல் தாண்ட யோகம் வேண்டும் என்று சொல்லுகின்ற அதே வைதிகந்தான், ஒரு காலத்தில் கடல் தாண்டுவதே மகா பாவம் என்று சொல்லி வந்தது. பௌதாயன தர்ம சூத்திரம் என்னும் சாஸ்திரத்தில், ஒருவனை ஜாதியிலிருந்து விழச் செய்யும் பாவங்களின் ஜாபிதாவில் கடற்பிரயாணமும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றது. 1888-ம் வருஷத்தில் காந்தியார் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டனுக்குக் கப்பலேறப் புறப்பட்டபோது, பம்பாயில் அவருடைய ஜாதியார் கூட்டம் போட்டு அவரை ஜாதியை விட்டுத் தள்ளி வைத்தார்கள். பிறகு நடந்தது என்ன? கலெக்டர் வேலைக்கான ஐ.சி.எஸ். பரீட்சை 1922 வரையில் லண்டனில் மாத்திரம்தான் நடந்து வந்தது. அந்த உத்தியோகத்தின் ருசி தெரிந்தவுடன், சாஸ்திரத்தைத் தலையில் வைத்துக் கூத்தாடிய குடும்பங்களே தங்கள் பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பத் தொடங்கின. பிள்ளை திரும்பி வந்ததும் ஒரு பிராயச்சித்தம் செய்து பாவத்தைக் கழுவிக்கொள்ளவும் வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். கடல் அதே கடல்தான். உப்பும் அதே உப்புத்தான். மாறியது லாபம் ஒன்றுதான்.

இப்பொழுது அந்தப் பாவமே யோகமாகிவிட்டது. அன்று “போகாதே, பாவம்” என்று சொல்லிப் பிராயச்சித்தத்திற்குத் தட்சிணை வாங்கினார்கள். இன்று “போக யோகமில்லை” என்று சொல்லிப் பரிகாரத்திற்குத் தட்சிணை வாங்குகிறார்கள். போனாலும் காசு, போகாவிட்டாலும் காசு! ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூர் என்ற ஊரில் உள்ள பாலாஜிக்கு விசா பாலாஜி என்றே பெயர் வந்துவிட்டது. வேண்டிக்கொள்ளும்போது 11 சுற்று, விசா கிடைத்த பிறகு 108 சுற்று என்று படித்த வாலிபர்கள் அங்கே சுற்றிச் சுற்றி வருகின்றார்கள். விசா கொடுக்கின்ற அதிகாரி எத்தனை சுற்றுச் சுற்றினாய் என்று கேட்பதுண்டா? இங்கிலாந்துக்குப் போகிற மாணவனுடைய செலவுப் பணம் பாங்குக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருந்திருக்கிறதா என்று பார்க்கிறான். ஜெர்மனிக்குப் போகிறவன் மாதத்துக்கு 992 யூரோ வீதம், ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோவைத் தனிக் கணக்கில் கட்டி முடக்கி வைத்திருக்கிறானா என்று பார்க்கிறான். 2024 முதல் அங்கே இருந்து வரும் கணக்கு இது. ஆகவே, பன்னிரண்டாம் இடம் என்பது ஜாதகக் கட்டத்தில் இல்லை. பாங்குப் புத்தகத்தில்தான் இருக்கின்றது. இதைச் சொல்லிக் கொடுக்காத படிப்பு படிப்பாகாது. இதைச் சொல்லிக் கொடுக்கிற படிப்புக்குத்தான் பொருளாதாரம் என்று பெயர்.

பொருளாதாரம் என்றால் பணம் சம்பாதிக்கும் வித்தை என்று நம்மவர்களில் அநேகர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பிசகு. அறுவடைக் காலத்தில் நெல் விலை ஏன் விழுகின்றது, விதைப்புக் காலத்தில் ஏன் ஏறுகின்றது, தறி ஓட்டுகிறவனுக்குக் கூலி ஏன் ஏறமாட்டேன் என்கிறது, நூல் விலை மட்டும் ஏன் ஏறுகின்றது, கந்துவட்டிக்காரனிடம் வாங்கிய ஆயிரம் எப்படிப் பத்தாயிரமாகின்றது, சர்க்கார் வரியை யாரிடம் வாங்கி யாருக்குச் செலவழிக்கின்றது என்கிற கேள்விகளுக்குக் காரணம் தேடுகிற படிப்பு அது. இத்தனை கேள்விகளுக்கும் நமது பெரியோர்கள் ஒரே வார்த்தையில் பதில் வைத்திருந்தார்கள். அந்த வார்த்தை தலைவிதி. “அவன் பூர்வ ஜன்மத்தில் புண்ணியம் செய்தவன், அதனால் மிராசுதாரனாக இருக்கிறான், நீ பாவம் செய்தவன், அதனால் பண்ணையாளாக இருக்கிறாய்” என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் விசாரணை ஏது? மிராசுதாரன் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று பண்ணையாளுக்குத் தோன்றாமலிருக்கவே அந்தப் பதில் ஏற்பட்டது. பொருளாதாரம் அந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கின்றது. ஆகையால், தலைவிதியினால் யாருக்கு நஷ்டமோ அவர்கள் பிள்ளைகள்தான் முதலில் இதைப் படிக்க வேண்டும் என்கிறோம்.

இது ஏதோ வெள்ளைக்காரன் ஊருக்கு மாத்திரம் பொருந்திய படிப்பு என்றும் யாரும் எண்ண வேண்டியதில்லை. சென்னைச் சர்வகலாசாலை 1915-ல் இந்தியப் பொருளாதாரத்துக்கென்று ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தி, இங்கிலாந்திலிருந்து கில்பர்ட் ஸ்லேட்டர் என்பவரை வரவழைத்தது. அவர் வந்தவுடன் மாணவர்களைப் பார்த்து, உங்கள் சொந்த ஊருக்குப் போய், யாருக்கு எவ்வளவு நிலம், யாருக்கு என்ன கூலி, யாருக்கு எவ்வளவு கடன் என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு முதலிய கிராமங்களின் நிலைமை அப்படித்தான் 1918-ல் புத்தகமாக வெளிவந்தது. அதே கிராமங்களைப் பின்னால் வந்தவர்கள் திரும்பத் திரும்பப் போய் ஆராய்ந்து, என்ன மாறிற்று, என்ன மாறவில்லை என்று இன்றுவரை ஒப்பிட்டு வருகின்றார்கள். தலபுராணம் எழுதப்பட்ட ஊர்கள் நம் நாட்டில் ஆயிரம் உண்டு. ஒரு ஊரின் கூலியையும் கடனையும் எழுதிவைத்த புத்தகம் எத்தனை உண்டு என்று எண்ணிப் பாருங்கள்.

இது நிற்க.

“பொருளாதாரத்தை இங்கேயே படிக்கலாமே, கடல் தாண்ட வேண்டிய அவசியம் என்ன?” என்று ஒரு கேள்வி வரலாம். நியாயமான கேள்விதான். அதற்கு டாக்டர் அம்பேத்கர் அவர்களுடைய வாழ்க்கையே பதிலாகும். அவர் 1912-ல் பம்பாய் எல்பின்ஸ்டன் காலேஜில் பொருளாதாரமும் அரசியலும் எடுத்து பி.ஏ. தேறினார். 1913-ல் பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் பதினொன்றரைப் பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்து, மூன்று வருஷத்துக்கு அவரை அமெரிக்காவிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலைக்கு அனுப்பினார். அங்கே பொருளாதாரத்தில் மாத்திரம் 29 பாடங்கள் எடுத்துப் படித்தார். பின்பு லண்டன் பொருளாதாரக் கலாசாலையில் சேர்ந்தார். உபகாரச் சம்பளக் காலம் தீர்ந்துபோகவே 1917-ல் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. பம்பாயில் ஆசிரியர் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தையும், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜாவின் உதவியையும், நண்பரிடம் வாங்கிய கடனையும் கொண்டு 1920-ல் மறுபடியும் லண்டனுக்குப் போய், விட்ட படிப்பை முடித்தார். ரூபாயின் பிரச்சினையைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சிக்கு 1923-ல் டி.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது.

அங்கே போய் அவர் கண்டது என்ன? பட்டத்தைவிடப் பெரிய ஒரு விஷயத்தைக் கண்டார். தம்மைத் தீண்டாதவன் என்று யாரும் நினைக்காத ஒரு தேசத்தில், தாமும் அப்படி நினைக்காமல் சில வருஷம் இருந்தார். தண்ணீர் கேட்டால் தண்ணீர் கிடைத்தது. புத்தகம் கேட்டால் புத்தகம் கிடைத்தது. ஜாதி என்பது மழையும் வெயிலும் போல எங்கும் இருப்பதல்ல, ஒரு சிலர் ஒரு தேசத்தில் கட்டிவைத்த கட்டிடம் என்பதைக் கண்ணால் பார்த்தார். கட்டியதை இடிக்கலாம் என்பது அதைப் பார்த்தவனுக்குத்தான் உறுதியாகப் புரியும். 1917-ல் அவர் பரோடாவுக்கு உத்தியோகத்துக்கு வந்தபோது, அந்த ஊரில் குடியிருக்க ஒரு வீடு கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். கண்டுபிடித்தவர்கள் தடியோடு வந்து துரத்தினார்கள். ஆபீசில் பியூன்கள் காகிதக் கட்டை அவர் மேஜைமேல் தூர இருந்து எறிந்தார்கள். கொலம்பியாவில் படித்தவருக்கு இந்தக் கதி என்றால் படிப்பினால் என்ன பிரயோஜனம் என்று சிலர் கேட்கலாம். பிரயோஜனம் இதுதான்: வெளியே போகாதவன் இதை விதியென்று சகித்துக்கொண்டிருப்பான், போய்வந்தவர் இதைக் குற்றம் என்று அறிந்தார். மறு வருஷமே, 1918-ல், துண்டு துண்டாகக் கிடக்கும் நிலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நிலத்தைச் சேர்த்து வைத்துவிட்டால் மாத்திரம் போதாது, நிலத்தை நம்பி வேலையில்லாமல் கிடக்கும் கூட்டத்துக்குத் தொழிற்சாலையில் வேலை உண்டாக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1936-ல் ஜாதி ஒழிப்பைப் பற்றி அவர் எழுதியதை நமது இயக்கம் தமிழில் மொழிபெயர்த்து வெளியிட்டது. வேலையைப் பங்கிடுவது பொருளாதாரம், வேலைக்காரனையே பிறப்பால் பங்கிட்டு மேல்கீழாக அடுக்குவது ஜாதி என்று அதிலே அவர் பிரித்துக் காட்டியது, பொருளாதாரம் படித்த கண்ணால் கண்டதாகும்.

பெரியார் அவர்கள் எந்தக் காலேஜிலும் படித்தவரல்ல. ஆயினும் 1931 டிசம்பரில் கப்பலேறி, சோவியத் ருஷியா, ஜெர்மனி, இங்கிலாந்து முதலிய நாடுகளைப் பார்த்துவிட்டு 1932 நவம்பரில் திரும்பினார். திரும்பிய மறுமாதமே ஈரோட்டில் கூட்டம் கூட்டி, சமதர்மத் திட்டத்தை முன்வைத்தார். பரீட்சை எழுதாமலே பதினொரு மாதம் அயல்நாட்டில் படித்து வந்த மாணவர் என்று அவரைச் சொல்லலாம்.

ஆகவே, கடல் தாண்டுவதன் பிரயோஜனம் பட்டத்தின் பக்கத்தில் இரண்டு எழுத்துச் சேர்வதில் இல்லை. நமது ஊரில் இயற்கையென்று நினைத்தது வேறு ஊரில் இல்லாமலிருப்பதைப் பார்ப்பதில் இருக்கிறது. உதாரணமாக ஒன்று சொல்லுகிறோம். ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ சாக்கடைக் குழாயில் அடைப்பு ஏற்பட்டால் இயந்திரம் வருகின்றது. இங்கே மனிதன் இறங்குகிறான், செத்தும் போகிறான். கையால் மலமள்ளுவதைத் தடுக்க 2013-ல் சட்டம் வந்த பிறகும் செத்துக்கொண்டிருக்கிறான். ஏன்? பொருளாதாரம் படித்த பெண் அங்கிருந்து திரும்பி வந்து சொல்லுவாள்: “இயந்திரத்தைவிட மனிதன் மலிவாகக் கிடைக்கிற இடத்தில் எவனும் இயந்திரம் வாங்கமாட்டான், ஒரு ஜாதியை வேறு வேலைக்குப் போகவிடாமல் அடைத்து வைத்தால் அந்த ஜாதியின் கூலி மலிவாகவே இருக்கும்” என்று. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்த பத்துப் பெண்கள் ஒரு ஜில்லாவில் இருந்தால், நாம் நூறு கூட்டம் போட்டுச் செய்ய வேண்டிய வேலை பாதி குறைந்துபோகும்.

இனி, காலேஜ் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் “விருப்பமுள்ள மாணவர்கள்” என்ற வார்த்தைக்கு வருவோம்.

யாருடைய விருப்பம் என்று கேட்கின்றோம். அந்த விசைத்தறித் தோழரின் மகளுக்கு விருப்பமில்லையா? இருக்கின்றது. ஜெர்மனியில் அநேக சர்க்கார் சர்வகலாசாலைகளில் சம்பளமே கிடையாது. ஒப்பந்தப்படி மாணவரை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடாக இருந்தால், சம்பளத்தைத் தன் காலேஜிலேயே கட்டினால் போதும் என்பதும் பெரும்பாலும் வழக்கம். ஆனால் சாப்பாட்டுக்கும் இருப்பிடத்துக்கும் மாதத்துக்கு 992 யூரோ என்றால் ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய். ஆறு மாதத்துக்கு ஆறு லட்சம். விமானக் கூலி வேறு. அந்தத் தோழருடைய கூலி எவ்வளவு என்று கேட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். குடும்பம் முழுவதும் பட்டினி கிடந்து அத்தனையையும் சேர்த்தாலும் மூன்று வருஷமாகும். பட்டமே முடிந்துவிடும்! பாங்கில் பெரிய தொகைக்குக் கடன் கேட்டால் ஈடு கேட்கிறான். ஈடு வைக்க நிலமிருந்தால் அவர் ஏன் கூலித் தறி ஓட்டுகிறார்?

வைக்கத்தில் 1924-ல் கோவிலைச் சுற்றியிருந்த தெருவில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடக்கக்கூடாது என்று பலகை நட்டு வைத்திருந்தார்கள். அதனால் அந்த அநியாயம் கண்ணுக்குத் தெரிந்தது, போராடவும் முடிந்தது. காலேஜ் வாசலில் அப்படிப் பலகை கிடையாது. எல்லாரும் வரலாம் என்றே போட்டிருக்கிறார்கள். ஆனால் ஆறு லட்சம் உள்ளவன் மாத்திரமே போகமுடிகிற தெருவும் மூடின தெருத்தான். பலகை இல்லாததனால் மூடியிருப்பது தெரியவில்லை, அவ்வளவுதான்.

சர்க்கார் உபகாரச் சம்பளம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றது. தாழ்த்தப்பட்ட மாணவர்களை அயல்நாட்டுக்கு அனுப்புவதற்கு மத்திய சர்க்காரின் உபகாரச் சம்பளத் திட்டம் 1954 முதல் நடந்து வருகின்றது. தமிழ்நாட்டு சர்க்காரும் அம்பேத்கர் பெயரால் ஒரு திட்டம் நடத்துகின்றது. இரண்டும் நல்ல திட்டங்கள்; நாம் வாழ்த்துகின்றோம். ஆனால் இரண்டும் எம்.ஏ., பிஎச்.டி. போன்ற மேற்படிப்புக்கே ஏற்பட்டவை. பி.ஏ. படிக்கிற பெண்ணுக்கு அவைகளில் இடமில்லை. மத்திய திட்டத்தில் வருஷத்துக்கு 125 பேருக்குத்தான் இடம். இந்தியா முழுவதுக்கும் 125! அதிலும் 2022-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். இந்தியாவின் பண்பாடு, சரித்திரம், சமூகம் ஆகியவைகளைப் பற்றி ஆராய்வதற்கு அயல்நாட்டுக்குப் போக அந்தப் பணம் கிடையாது என்பதுதான் அந்த விதி. கொலம்பியாவுக்குப் போன அம்பேத்கர் அங்கே இந்திய ஜாதிகளைப் பற்றி 1916-ல் கட்டுரை படித்தார். இந்த விதி அன்றைக்கு இருந்திருந்தால் அந்தக் கட்டுரைக்குச் சம்பளம் கிடைத்திருக்குமா? தாழ்த்தப்பட்டவன் வெளியே போகலாம், ஆனால் அங்கே நின்றுகொண்டு நம் வீட்டைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது என்ன நியாயம்? வெளியே நின்று பார்த்தால்தான் வீட்டின் சுவர் எங்கே கோணல் என்று தெரியும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது போலும்!

சட்டமோ இப்பொழுது இடம் கொடுத்துவிட்டது. 2022 மே மாதத்தில் யு.ஜி.சி. என்னும் பல்கலைக்கழக மானியக் குழு புதிய விதிகளைப் பிரசுரித்தது. அதன்படி இந்தியக் காலேஜும் அயல்நாட்டுக் காலேஜும் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒரு பட்டத்தின் பாடங்களில் 30 சதவிகிதம் வரையில் அங்கே படித்துவிட்டு இங்கே பட்டம் வாங்கலாம். இரு ஸ்தாபனமும் சேர்ந்து ஒரே பட்டமாகவும் கொடுக்கலாம். இரண்டு பட்டமாகவும் கொடுக்கலாம். எல்லாக் காலேஜுக்கும் இந்த உரிமை கிடையாது. தரம் பார்த்தே கொடுக்கப்படுகிறது. பெயரை மாத்திரம் வாடகைக்கு வாங்கி வந்து கடை நடத்துவதையும் அந்த விதிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே கதவு திறந்துதான் இருக்கிறது. வாசற்படிதான் ஆறு லட்சம் உயரம்.

இதற்கு என்ன செய்ய வேண்டும்?

1928-ல் முத்தையா அவர்கள் மந்திரியாக இருந்து வகுப்புவாரி உத்தரவை அமலுக்குக் கொண்டுவந்தபோது, சர்க்கார் உத்தியோகத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் இத்தனை என்று பங்கு ஏற்பட்டது. திறமை போய்விடும், நிர்வாகம் கெட்டுவிடும் என்று அன்றைக்குக் கூச்சல் போட்டார்கள். ஒன்றும் கெடவில்லை. அதே நியாயத்தை இதிலும் கேட்கின்றோம். பி.ஏ. படிப்பில் அயல்நாட்டுப் பருவம் என்று ஒன்று வைக்கிற ஒவ்வொரு காலேஜும், அதில் ஒரு பங்கு இடத்துக்குப் பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் சேர்த்து உபகாரச் சம்பளம் ஏற்படுத்த வேண்டும். அந்தப் பங்கு வகுப்புவாரியாகவும், பெண்களுக்குத் தனியாகவும் இருக்க வேண்டும். சர்க்கார் கலைக் காலேஜ்களில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சர்க்காரே கொடுக்க வேண்டும். மேலும், ஒவ்வொரு வருஷமும் எத்தனை பேர் போனார்கள், அவர்கள் தகப்பன்மார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று காலேஜ் கணக்கு வெளியிட வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கைக்கு ஒரு காசும் செலவில்லை. அதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும், பாருங்கள்.

“பெண்ணை அவ்வளவு தூரம் தனியாக அனுப்பலாமா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். கலியாணம் செய்துகொடுத்து, முன்பின் பாராத மாப்பிள்ளையோடு அமெரிக்காவுக்கு அனுப்பும்போது இந்தக் கேள்வி எங்கே போயிற்று? அதற்கு நகையும் போட்டு, நிலத்தையும் விற்று அனுப்புகிறீர்களே! புருஷனோடு போனால் யோகம், புத்தகத்தோடு போனால் தோஷமா? பெண்களின் உழைப்புக்கும் கூலிக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்ந்ததற்காக 2023-ல் பொருளாதாரத்தில் நோபல் பரிசு வாங்கியவர் கிளாடியா கோல்டின் என்ற பெண்மணி. வீட்டில் சமைக்கிற வேலையையும் தறியில் நூல் சுற்றுகிற வேலையையும் கணக்கில் சேர்க்கிற புத்தி, அதைச் செய்து பார்த்த வீட்டுப் பெண்ணுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

“பி.ஏ. படித்தால் வேலை கிடைக்குமா?” என்பது மற்றொரு கேள்வி. வெறும் நோட்டை நெட்டுருப் போட்டு எழுதினால் எந்தப் பட்டத்துக்கும் வேலை கிடைக்காது. பொருளாதாரத்தோடு கணக்கும் புள்ளிவிவரமும் ஊன்றிப் படிக்க வேண்டும். கணக்குக்குப் பயந்தவர்கள் இதில் பாதி வழியில் நின்றுவிடுவார்கள். ஊன்றிப் படித்து எம்.ஏ.வும் முடித்தால், இந்தியப் பொருளாதாரப் பணி என்று கலெக்டர் பரீட்சையைப் போலவே ஒரு மத்திய சர்க்கார் பரீட்சை இருக்கிறது. ரிசர்வ் பாங்கில் இருக்கிறது. புள்ளிவிவர இலாகாக்களில் இருக்கிறது. நாட்டின் பட்ஜெட்டை எழுதுகிற மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் இந்தப் படிப்புப் படித்தவர்கள்தான். அந்த மேஜையில் நம் வீட்டுப் பிள்ளை இல்லாதவரையில், நம் வீட்டு அடுப்பைப் பற்றி அங்கே யாருக்குத் தெரியும்?

மற்றொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கடல் தாண்டினால் ஜாதி தானாகப் போய்விடும் என்று நம்பிவிடாதீர்கள். நம்மவர்கள் பெட்டியில் ஊறுகாயோடு ஜாதியையும் கட்டிக்கொண்டு போகிறார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகர சபை 2023 பிப்ரவரியில் ஜாதி வித்தியாசம் பார்ப்பதைத் தடுத்துச் சட்டம் செய்ய வேண்டிவந்தது. அந்நாட்டு நகரங்களில் அதுவே முதலாவது. வெள்ளைக்காரன் ஊரில் ஜாதியைத் தடுக்கச் சட்டம் தேவைப்பட்டது யாரால் என்று யோசியுங்கள். ஆதலால் போகிற பிள்ளைகள் சுயமரியாதையையும் கூடவே எடுத்துக்கொண்டு போக வேண்டும். அங்கே போய் நம் ஊர்ச் சங்கத்தைத் தேடிப் பிடித்து, அதிலே நீ எந்த ஆள் என்று கேட்டுக்கொண்டிருந்தால், போன ஆறு மாதமும் ஆறு லட்சமும் வீண்.

அந்த விசைத்தறித் தோழருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: “பரிகாரத்துக்கு என்று எடுத்து வைத்த பணத்தில் 1,500 ரூபாயை எடுத்து மகளுக்குப் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடுங்கள். ஜாதகத்தை ஜோசியரிடமே விட்டுவிட்டு, காலேஜ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பிரின்சிபாலிடம் போங்கள். நாலு கேள்வி கேளுங்கள். அங்கே படிக்கிற பாடம் இங்கே பட்டத்தில் சேருமா? அதை முன்கூட்டி எழுத்தில் கொடுப்பீர்களா? சம்பளம் யாருக்குக் கட்டுவது? பணமில்லாத பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? முதல் மூன்று கேள்விக்கும் அவர் பதில் சொல்லுவார். நாலாவது கேள்விக்கு முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு திரும்பி வராதீர்கள். மகள் ஒருவேளை போக முடியாமலே போகலாம். ஆனாலும் பொருளாதாரத்தை விடவேண்டாம், இந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் அந்தப் படிப்பு” என்றோம்.

தோழர்களே! அவர் ஒருவர் தனியாகப் போய்க் கேட்டால் முகத்தைப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். உங்கள் உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள காலேஜ்களுக்கு, படிக்கிற பிள்ளைகளின் தகப்பன்மாரையும் தாய்மாரையும் அழைத்துக்கொண்டு, பத்துப் பேராகப் போய் அந்த நாலாவது கேள்வியைக் கேளுங்கள். என்ன பதில் கிடைத்தது என்று நமக்கு எழுதுங்கள். வருகிற பதில்களை இந்தப் பத்திரிகையில் வரிசையாக வெளியிட்டு, சர்க்காருக்கும் அனுப்பி வைப்போம். யோகம் யார் யாருக்கு இருக்கிறது என்பதை அதற்குப் பிறகு ஜோசியர்கள் சொல்ல வேண்டியதில்லை. நாமே எண்ணிச் சொல்லிவிடலாம்.